இறப்புக் காரணச் சான்றிதழ்: மருத்துவர்கள் எங்கே தவறுகிறார்கள், ஏன்?

‘இறப்புக்கான காரணம்: கார்டியோ ரெஸ்பிரேட்டரி அரெஸ்ட்.’ மருத்துவமனைகளில் நிரப்பப்படும் இறப்புக் காரணச் சான்றிதழ்களில் இவ்வளவு தாராளமாகப் புழங்கும் சொற்றொடர் வேறு இருக்க முடியாது. இதயமும் மூச்சும் நின்றுவிட்டன என்பதுதான் இதற்குப் பொருள். இறந்தவர் எல்லோருக்கும் அவை நின்றுதான் இருக்கும். சர்க்கரை நோயில் கால் அழுகி இறந்தவர், காசநோயில் இறந்தவர், பாம்பு கடித்து இறந்தவர், பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கில் இறந்தவர் ஆகிய நால்வரின் சான்றிதழிலும் இந்த ஒரு வரி மட்டும் இருந்தால், நால்வரும் எதனால் போனார்கள் என்பது அரசின் கணக்கிலிருந்தே அழிந்துவிடுகிறது.

எழுதிய மருத்துவருக்கு உண்மையான காரணம் தெரியாமல் இல்லை. கேஸ் ஷீட்டைத் திறந்தால் பதினைந்து வருட சர்க்கரை நோய், காலில் புண், கிருமித்தொற்று, ரத்த அழுத்தச் சரிவு என எல்லாம் தேதி வாரியாக இருக்கும். தெரிந்ததைப் படிவம் கேட்கும் முறையில் எழுதுவதில்தான் தடுமாற்றம். மருத்துவப் படிப்பு ஒருவரை, கண்முன் இருக்கும் நெருக்கடியை முதலில் பார்க்கப் பழக்குகிறது. இந்தப் படிவமோ நெருக்கடியை விட்டுவிட்டு, அது எங்கிருந்து தொடங்கியது என்று கேட்கிறது. பெரும்பாலான பிழைகள் இந்த ஒரு முரண்பாட்டிலிருந்து பிறக்கின்றன.

இரண்டு தாள்களை மக்கள் மட்டுமல்ல, சில நேரம் மருத்துவர்களும் குழப்பிக்கொள்கிறார்கள். வங்கிக்கும் வாரிசுச் சான்றுக்கும் கொண்டுபோகும் ‘டெத் சர்டிஃபிகேட்’ பிறப்பு-இறப்புப் பதிவாளர் தருவது. அதில் பெயர், தேதி, இடம் உண்டு. இறப்புக் காரணம் இருக்காது. பதிவேட்டில் உள்ள காரணத்தை அந்த நகலில் வெளியிடக் கூடாது என்று 1969-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 17-ஆவது பிரிவில் சொல்கிறது. மருத்துவர் எழுதுவது வேறு தாள்: இறப்புக்கான காரணம் குறித்த மருத்துவச் சான்றிதழ். உள்நோயாளியாக இருந்து இறந்தவர்களுக்குப் படிவம் 4. வீட்டிலோ வேறு இடத்திலோ இறந்தவர்களுக்குப் படிவம் 4-ஏ. இது பதிவாளருக்குப் போகிறது, அங்கிருந்து புள்ளிவிவரமாகிறது.

இந்தச் சான்றிதழுக்கு மருத்துவர் கட்டணம் வாங்கக் கூடாது. அதே சட்டத்துக்கு 2023-இல் வந்த திருத்தம் அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அரசோ தனியாரோ, எல்லா மருத்துவமனைகளும் தம்மிடம் நிகழும் ஒவ்வோர் இறப்புக்கும் நோய் வரலாற்றோடு சேர்த்துக் காரணச் சான்று தர வேண்டும், ஒரு பிரதியை நெருங்கிய உறவினருக்கும் கொடுக்க வேண்டும் என்கிறது அது. அதற்கு முன்பு எந்தப் பகுதியில் இது கட்டாயம் என்பதை மாநில அரசுகளே தீர்மானித்து வந்தன. அதன் விளைவு எண்ணிக்கையில் தெரிகிறது. 2020-இல் இந்தியாவில் பதிவான இறப்புகள் 81 லட்சத்துக்கும் மேல். அவற்றில் மருத்துவச் சான்றோடு காரணம் பதிவானவை சுமார் 18 லட்சம், அதாவது 22.5 விழுக்காடு. மீதிப் பேர் இறந்த செய்தி அரசுக்குத் தெரியும், எதனால் என்று தெரியாது.

நான்கில் ஒரு பங்குகூட இல்லாத அந்தச் சான்றிதழ்களாவது சரியாக இருக்க வேண்டும் என்பதுதான் இங்கே பேச்சு.

படிவம் என்ன கேட்கிறது

1948-இல் உலக அளவில் ஏற்றுக்கொள்ளப்பட்ட வடிவம்தான் இன்றும் அடிப்படை. நோய்க் காரணப் பகுதிக்கு இரண்டு பாகங்கள். முதல் பாகத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக வரிகள்: பல ஆண்டுகளாகப் புழக்கத்தில் இருக்கும் நம் படிவத்தில் (அ), (ஆ), (இ) என மூன்று, உலக சுகாதார நிறுவனத்தின் இப்போதைய மாதிரியில் நான்கு. ஒவ்வொரு வரிக்கும் வலப்பக்கத்தில், அந்த நோய் தொடங்கியதற்கும் இறப்புக்கும் இடைப்பட்ட காலம் எழுத ஓர் இடம். இரண்டாம் பாகத்தில், இறப்புக்குத் துணைபோன, ஆனால் மேற்படிச் சங்கிலியில் நேரடியாக இல்லாத மற்ற நோய்கள்.

(அ) வரியில் உடனடிக் காரணம். அதைக் கொண்டுவந்தது (ஆ)-வில். அதையும் கொண்டுவந்தது (இ)-யில். சங்கிலி எங்கே தொடங்கியதோ அது எப்போதும் பயன்படுத்திய வரிகளில் கடைசி வரியில் நிற்க வேண்டும். அதற்குப் பெயர் அடிப்படைக் காரணம். இறப்புக்கு நேராகக் கொண்டுபோன நிகழ்வுத் தொடரைத் தொடங்கிவைத்த நோய் அல்லது காயம் எது என்பதே அதன் வரையறை. விபத்தாகவோ வன்முறையாகவோ இருந்தால், அந்தக் காயத்தை உண்டாக்கிய சூழ்நிலை. ஒரு நாட்டின் இறப்புப் புள்ளிவிவரம் முழுவதும் இந்த ஒரு வரியை வைத்தே எண்ணப்படுகிறது.

(அ) வரிக்கு எதிரிலேயே ஒரு குறிப்பு அச்சாகியிருக்கிறது: இறப்புக்குக் காரணமான நோய், காயம், சிக்கலை எழுதவும்; இதயச் செயலிழப்பு, பலவீனம் போன்ற இறக்கும் விதத்தை எழுத வேண்டாம். அச்சிட்ட குறிப்பின் பக்கத்திலேயே அந்தப் பிழை எழுதப்படுகிறது என்பதிலிருந்து, குறிப்பு அச்சிடுவதால் மட்டும் பிழை தீராது என்று புரிந்துகொள்ளலாம்.

ஓர் எடுத்துக்காட்டு. 58 வயது ஆண். 15 வருடமாக இரண்டாம் வகை சர்க்கரை நோய். மூன்று வாரமாக வலது காலில் புண் அழுகியிருக்கிறது. கிருமித்தொற்று ரத்தத்தில் பரவி (செப்சிஸ்), ரத்த அழுத்தம் சரிந்து (செப்டிக் ஷாக்), இரண்டு நாள் தீவிர சிகிச்சைக்குப் பின் இறந்துவிட்டார். சிறுநீரகமும் நாலைந்து வருடமாகப் பழுது. வழக்கமாக எழுதப்படுவது இப்படி இருக்கும்:

(அ) கார்டியோ ரெஸ்பிரேட்டரி அரெஸ்ட்
(ஆ) பல உறுப்புச் செயலிழப்பு
(இ) செப்சிஸ் / டி.எம். / சி.கே.டி.
கால அளவு: காலி
பாகம் 2: காலி

எழுத வேண்டியது:

(அ) செப்டிக் ஷாக் – 2 நாள்
(ஆ) வலது பாதம் அழுகல் – 3 வாரம்
(இ) இரண்டாம் வகை சர்க்கரை நோய் – 15 வருடம்
பாகம் 2: நாள்பட்ட சிறுநீரக நோய் – 5 வருடம்

முதல் படிவத்தில் ஒரு வரியும் பொய் இல்லை. ஆனாலும் அது தவறு. முதல் இரண்டு வரிகள் எதையும் சொல்லவில்லை. மூன்றாவது வரியில் செப்சிஸ், டி.எம். (சர்க்கரை நோய்), சி.கே.டி. (நாள்பட்ட சிறுநீரக நோய்) என மூன்று நோய்களும் சாய்கோடு போட்டுக் கூட்டமாக நிற்கின்றன. இதில் எதை எது கொண்டுவந்தது என்பதை எழுதியவர் சொல்லவில்லை. அந்த முடிவை நோயாளியைப் பார்த்தேயிராத ஒருவரிடம் விட்டுவிட்டார்.

அந்த இன்னொருவர் என்ன செய்கிறார்

சான்றிதழ்கள் பதிவாளர் வழியாக மாநிலத் தலைமைப் பதிவாளர் அலுவலகத்துக்குப் போகின்றன. தமிழ்நாட்டில் பொது சுகாதாரம் மற்றும் நோய்த்தடுப்பு மருந்துத் துறை இயக்குநரே தலைமைப் பதிவாளர். ஒவ்வொரு படிவத்தின் சொற்களும் பன்னாட்டு நோய் வகைப்பாட்டின்படி குறியீடாக மாற்றப்படுகின்றன. குறியீடு இடுபவர் மருத்துவராக இருக்க வேண்டியதில்லை, கேஸ் ஷீட் அவர் கையில் இருக்காது, ஊகிக்க அவருக்கு உரிமையும் இல்லை. அவர் கையில் விதிகள் மட்டும்தான் இருக்கின்றன.

முதல் விதி எளிது. கடைசி வரியில் ஒரே ஒரு நோய் தனியாக எழுதப்பட்டு, மேலே உள்ள அனைத்தையும் அது உண்டாக்கியிருக்கக்கூடும் என்றால் அதுவே அடிப்படைக் காரணம். சரியாக எழுதிய படிவத்தில் வேலை இங்கேயே முடிந்துவிடும்: சர்க்கரை நோய். கடைசி வரியில் பல நோய்கள் இருந்தால் அடுத்தடுத்த விதிகளுக்குப் போக வேண்டும். பொருந்தும் சங்கிலியைத் தேட வேண்டும். எதுவும் பொருந்தாவிட்டால் முதலில் எழுதப்பட்டதை எடுக்க வேண்டும். இதய நிறுத்தம், முதுமை, பலவீனம் போன்ற தெளிவற்றவற்றை, வேறு ஏதாவது நோய் எழுதப்பட்டிருந்தால் ஒதுக்கிவிடலாம். வேறு எதுவுமே எழுதப்படவில்லை என்றால் ஒதுக்க வழியில்லை. அந்த இறப்பு, தெளிவற்ற காரணங்களின் கூடைக்குள் விழுகிறது. நம் எடுத்துக்காட்டின் முதல் படிவம், எழுதப்பட்ட வரிசையைப் பொறுத்து, ‘செப்சிஸ், வகை தெரியவில்லை’ என்று முடிந்துபோகக்கூடும். சர்க்கரை நோய் அங்கே காணாமல் போகிறது. காலைப் பரிசோதிக்கவும் புண்ணைத் தொடக்கத்திலேயே கவனிக்கவும் பணம் ஒதுக்க வேண்டிய திட்டத்துக்கு ஓர் இறப்பு குறைந்துவிட்டது.

சுருக்கெழுத்துகள் இன்னொரு தொல்லை. ஆர்.டி.ஏ. என்று எழுதினால் சாலை விபத்தும் ஆகலாம், சிறுநீரகக் குழல் சார்ந்த ஓர் அமில நோயும் ஆகலாம். எம்.எஸ். என்பது இதய வால்வுச் சுருக்கமா, நரம்பு மண்டல நோயா? பி.இ. என்பது நுரையீரல் ரத்தக்கட்டியா, நுரையீரலில் நீர்க்கோப்பா, கர்ப்பகால ரத்த அழுத்த நோயா? வார்டுக்குள் இவற்றில் குழப்பம் வராது. பக்கத்தில் நோயாளி இருக்கிறார். தாள் வார்டை விட்டு வெளியே போனதும் எல்லாம் புதிராகிவிடும். முழுச் சொல்லையும் எழுதுவதே வழி.

பாதி எழுதிவிட்டு நிறுத்துவதும் இதே அளவு கெடுதல். ‘புற்றுநோய்’ என்றால் எந்த உறுப்பில் தொடங்கியது? கல்லீரலில் இருந்தது அங்கேயே தோன்றியதா, குடலிலிருந்து பரவியதா? ‘பக்கவாதம்’ என்றால் ரத்தக்கசிவா, அடைப்பா? ‘நிமோனியா’ என்றால் நல்ல உடல்நிலையில் இருந்தவருக்கு வந்ததா, ஆறு மாதமாகப் படுத்த படுக்கையாக இருந்தவருக்கு வந்ததா? ‘கல்லீரல் சிரோசிஸ்’ என்றால் மதுவினாலா, ஹெபடைடிஸ் கிருமியினாலா? மதுவினால் என்றால் ஒரு குறியீடு, சொல்லாவிட்டால் வேறு குறியீடு. மது விஷயத்தில் குடும்பத்தார், ‘அதை மட்டும் எழுதாதீங்க டாக்டர், இன்சூரன்ஸ் கிடைக்காது’ என்று கேட்பதும், மருத்துவர் இரக்கப்பட்டு விட்டுவிடுவதும் நடக்கிறது. அவர்களுடைய கவலை நியாயமானதே. ஆனால் மதுவால் ஏற்படும் கல்லீரல் இறப்புகள் கணக்கில் குறைந்தால், நாளைக்கு அதே தெருவில் இன்னொரு குடும்பத்துக்குக் கிடைக்க வேண்டிய சிகிச்சை மையம் வராமல் போகும்.

கால அளவு என்ற காலிக் கட்டம்

படிவத்தில் அதிகம் காலியாக விடப்படும் இடம் வலப்பக்கக் கட்டம். துல்லியமான தேதி தெரியாது என்பதால் விட்டுவிடுகிறார்கள். துல்லியம் யாரும் கேட்கவில்லை; நிமிடம், மணி, நாள், வாரம், வருடம் என்ற அளவில் உத்தேசம் போதும். தெரியவே தெரியாது என்றால் ‘தெரியவில்லை’ என்று எழுதலாம். இந்தக் கட்டத்துக்கு இன்னொரு பயன் உண்டு, அது எழுதுபவருக்கே: சங்கிலி சரியா என்று சோதிக்கலாம். கீழே போகப் போகக் காலம் நீள வேண்டும், குறைந்தபட்சம் சமமாக இருக்க வேண்டும். (அ)-வில் 10 வருடம், (இ)-யில் 2 நாள் என்று வந்தால் வரிசை தலைகீழாகிவிட்டது என்று பொருள்.

வாசித்துப் பார்ப்பது இரண்டாவது சோதனை. கீழிருந்து மேலாக ஒவ்வொரு வரிக்கும் இடையில் ‘இதனால்’ என்று போட்டு வாசிக்க வேண்டும். சர்க்கரை நோய், இதனால் பாதம் அழுகல், இதனால் செப்டிக் ஷாக். மேலிருந்து கீழாக ‘எதனால்?’ என்று கேட்டுக்கொண்டே வர வேண்டும். இரண்டு வழியிலும் இடறாமல் வந்தால் சான்றிதழ் சரி. ‘சிறுநீரக நோய், இதனால் பாதம் அழுகல்’ என்று வாசிக்கும்போதே நாக்கு தடுக்கும். அது இரண்டாம் பாகத்துக்குப் போக வேண்டியது. ஒரு நிமிடம்கூட ஆகாத இந்தச் சோதனை வரிசைப் பிழைகளில் பெரும்பகுதியைப் பிடித்துவிடும்.

விபத்தை மறைக்கும் ‘இயற்கை மரணம்’

நிரப்பும் திறமைக்கு அப்பாற்பட்ட பிழை ஒன்று இருக்கிறது. 76 வயது மூதாட்டி ஈரமான குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பருகே தொடை எலும்பு முறிகிறது. அறுவை சிகிச்சை நடக்கிறது; விழுந்த பன்னிரண்டாம் நாள் நுரையீரலில் ரத்தக்கட்டி அடைத்து இறந்துவிடுகிறார். சரியான சங்கிலி இது:

(அ) நுரையீரல் ரத்தக்குழாய் அடைப்பு – சில நிமிடங்கள்
(ஆ) தொடை எலும்பின் கழுத்துப் பகுதி முறிவு – 12 நாள்
(இ) வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்தது – 12 நாள்
பாகம் 2: எலும்பு அடர்த்திக் குறைவு – பல வருடம்

இறந்த விதம் என்ற கட்டத்தில் இயற்கை, விபத்து, தற்கொலை, கொலை, விசாரணை நிலுவை என்று ஐந்து வாய்ப்புகள் உண்டு. இங்கே விபத்து. அதை எழுதினால் காவல்நிலையத்துக்குத் தகவல் போக வேண்டும், ஏ.ஆர். எனும் விபத்துப் பதிவேட்டில் பதிய வேண்டும், போஸ்ட்மார்ட்டம் வரக்கூடும். குடும்பம் கெஞ்சுகிறது. ‘வயசானவங்க, கூறு போட வேண்டாம்.’ மருத்துவர் (ஆ), (இ) இரண்டையும் விட்டுவிட்டு ரத்தக்கட்டியை மட்டும் எழுதி, ‘இயற்கை’ என்று குறித்துவிடுகிறார். நம் நாட்டில் முதியவர்கள் விழுந்து இறப்பது இவ்வளவு குறைவாகத் தெரிவதற்கு இந்தக் கருணையும் ஒரு காரணம் என்றே சொல்ல வேண்டும்.

குடும்பத்துக்கே இது எதிராகத் திரும்புவதும் உண்டு. சாலை விபத்தில் தலைக்காயம் பட்டு மூன்று மாதம் நினைவில்லாமல் கிடந்து, நிமோனியாவில் இறந்தவர் விபத்தில்தான் இறந்திருக்கிறார். எத்தனை மாதம் இடையில் போனாலும் சங்கிலி அறுபடாமல் வந்திருந்தால் தொடக்கம் விபத்துதான். சான்றிதழில் நிமோனியா மட்டும் இருந்தால், மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு அந்த ஒரு தாள் போதும்.

நஞ்சு, பாம்புக்கடி, மின்சாரம், தீக்காயம் எல்லாம் இந்த வகையே. திருமணமாகி ஏழு ஆண்டுக்குள் ஒரு பெண் தற்கொலை செய்துகொண்டாலோ சந்தேகத்துக்கு இடமான முறையில் இறந்தாலோ 2024 ஜூலையிலிருந்து நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 194-ஆவது பிரிவு விசாரணையைக் கோருகிறது. பழைய சட்டத்தில் அது 174. சந்தேகம் வந்த இடத்தில் மருத்துவர் காரணத்தை உறுதியாக எழுதித் தர முற்படக் கூடாது. காவல்துறைக்குத் தகவல் சொல்லி, ‘விசாரணை நிலுவை’ என்று குறித்து, காரணத்தைப் பிரேதப் பரிசோதனைக்கு விட வேண்டும்.

பாம்புக்கடியை மட்டும் கொஞ்சம் பார்க்கலாம். கட்டுவிரியன் கடித்தவர் மூச்சுத் தசை செயலிழந்து வென்டிலேட்டரில் இறக்கிறார். சான்றிதழில் ‘சுவாசச் செயலிழப்பு’ என்று வந்தால் பாம்பு காணாமல் போய்விடும். இந்தியாவில் குடும்பத்தாரிடம் நேரில் கேட்டு இறப்புக் காரணத்தை மதிப்பிட்ட பெரிய ஆய்வின் அடிப்படையில், 2000 முதல் 2019 வரை ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர் பாம்புக்கடியில் இறந்திருப்பார்கள் என்று 2020-இல் கணக்கிட்டார்கள். மருத்துவமனைகள் வழியாக அரசுக்கு வந்த எண்ணிக்கை அதற்குப் பக்கத்தில்கூட இல்லை. பெரும்பகுதி மருத்துவமனைக்கே வராமல் இறந்தவர்கள் என்பது உண்மைதான். வந்தவர்களையும் தாளில் தொலைப்பது தவிர்க்கக்கூடியது. தமிழ்நாடு 2024-இல் பாம்புக்கடியைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய ஒன்றாக ஆக்கியது. இறப்புச் சான்றும் அதோடு ஒத்துப்போனால்தான் அந்த எண்ணிக்கைக்கு அர்த்தம் இருக்கும்.

கேட்கப்படாத இரண்டு கேள்விகள்

இறந்தவர் பெண் என்றால், இறப்பு கர்ப்பத்தோடு தொடர்புடையதா, பிரசவம் நடந்ததா என்று படிவம் கேட்கிறது. பிரசவ வார்டில் இதை யாரும் தவறவிட மாட்டார்கள். தவறுவது பொது மருத்துவ வார்டில். பிரசவம் முடிந்து தாய்வீட்டுக்குப் போன பெண், இருபதாவது நாள் மூச்சுத்திணறலோடு வேறு ஊர் மருத்துவமனையில் சேர்ந்து இதயத் தசை நோயால் இறக்கிறார். டூட்டி டாக்டருக்கு அவர் ஓர் இதய நோயாளி. கர்ப்பத்தின்போதோ அது முடிந்து 42 நாளுக்குள்ளோ, கர்ப்பத்தாலோ அதனால் மோசமான நோயாலோ நிகழும் இறப்பு தாய் இறப்பு. இளம் பெண் யார் இறந்தாலும், கடைசி ஓர் ஆண்டில் கர்ப்பமாக இருந்தாரா என்று உடனிருந்தவரிடம் கேட்காமல் அந்தக் கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதக் கூடாது.

பச்சிளம் குழந்தைகளின் படிவத்தில் ‘குறைப்பிரசவம்’ என்று ஒற்றைச் சொல்லோடு நிறுத்திவிடுகிறார்கள். எத்தனை வாரம், எடை எவ்வளவு, தாய்க்கு ரத்த அழுத்தமா, நஞ்சுக்கொடி முன்னதாகப் பிரிந்ததா என்பவை இருந்தால்தான் பயன். இறந்தே பிறந்த குழந்தைக்குப் படிவம் 4 பயன்படுத்தக் கூடாது. ஒரு தடவை மூச்சுவிட்டிருந்தாலும், இதயம் துடித்திருந்தாலும் அது உயிருடன் பிறந்த குழந்தை. பிறப்பும் பதிவாக வேண்டும், இறப்பும் பதிவாக வேண்டும்.

கொரோனா காட்டிய விரிசல்

இந்தத் தாளின் எடை நாட்டுக்குத் தெரிந்தது 2020-இல். கொரோனா தொற்றோடு இறந்தவருக்கு நாள்பட்ட சிறுநீரக நோய் இருந்தால், எது அடிப்படைக் காரணம்? கொரோனா நிமோனியாவை உண்டாக்கி, நிமோனியா உயிரைப் பறித்தது என்றால் கொரோனா கடைசி வரியில், சிறுநீரக நோய் இரண்டாம் பாகத்தில். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அப்படியே வழிகாட்டுதல் தந்தது. பல இடங்களில் எழுதப்பட்டது தலைகீழாக. சென்னையில் மாநகராட்சிப் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கக் குழு அமைத்து, விடுபட்ட 444 இறப்புகளை 2020 ஜூலை 22 அன்று தமிழ்நாடு அரசு கணக்கில் சேர்த்தது.

நாடு முழுவதும் பார்த்தால் இன்னும் தெளிவு. 2020-க்கான சான்றிதழ் அறிக்கையின்படி மருத்துவர்கள் கொரோனா என்று சான்றளித்தவை 1,60,618. அந்த ஆண்டு இறுதிவரை தினசரி அறிவிப்புகளில் வந்த மொத்தம் ஏறத்தாழ 1.49 லட்சம். சான்று பெற்ற இறப்புகள் மொத்தத்தில் 22.5 விழுக்காடுதான் என்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். நான்கில் ஒரு பங்குக்கும் குறைவான தாள்களிலேயே அறிவித்த எண்ணிக்கையைத் தாண்டிவிட்டது.

2021 ஜூன் 30 அன்று உச்ச நீதிமன்றம் காரணத்தைக் குறிப்பிடும் முறையை எளிமையாக்கச் சொன்னது. அடுத்து வந்த வழிகாட்டுதல், தொற்று உறுதியான 30 நாளுக்குள் இறந்தால் மருத்துவமனைக்கு வெளியே இறந்திருந்தாலும் கொரோனா இறப்பாகக் கொள்ளச் சொன்னது. மாவட்டந்தோறும் குழுக்கள் அமைந்தன. 50,000 ரூபாய் நிவாரணத்துக்காகக் குடும்பங்கள் அந்தக் குழுக்கள் முன் வரிசையில் நின்றன. முதல் நாளே சரியாக எழுதப்பட்டிருந்தால் அவர்களில் பலருக்கு அந்த அலைச்சல் இருந்திருக்காது.

யார் எழுதுகிறார்கள், எப்போது

பெரிய மருத்துவமனைகளில் இறப்பு பல நேரம் இரவிலும் விடியலிலும் வருகிறது. நோயாளியைப் பத்து நாளாகப் பார்த்த தலைமை மருத்துவர் வீட்டில் இருப்பார். முதுகலை மாணவரோ அன்றைய டூட்டி டாக்டரோ நோயாளியை இரண்டு மணி நேரம் மட்டுமே பார்த்திருப்பார். ஹவுஸ் சர்ஜன் (பயிற்சி மருத்துவர்) எழுதி வைக்க அவர் கையெழுத்துப் போடுவதும் உண்டு. வெளியே ஆம்புலன்ஸ் நிற்கிறது, உறவினர்கள் உடலைக் கேட்கிறார்கள், அடுத்த படுக்கையில் இன்னொருவர் மோசமாக இருக்கிறார். இரண்டு நிமிடத்தில் முடிக்க வேண்டிய தாளாக அது ஆகிவிடுகிறது. கடைசியாக நடந்தது இதய நிறுத்தம், கடைசியாகச் செய்தது மார்பை அழுத்தியது. கையும் அதையே எழுதுகிறது.

வீட்டு இறப்புகளில் சிக்கல் வேறு மாதிரி. படிவம் 4-ஏ தர வேண்டியவர் கடைசி நோயின்போது பார்த்த மருத்துவர். நகரங்களில் தகனம் செய்யுமிடத்தில் மருத்துவர் சான்று கேட்பதால், நோயாளியை முன்பின் பார்க்காத ஒருவரிடம் தாள் வாங்கும் பழக்கம் உண்டு. அவருக்குத் தெரிந்தது வயது மட்டும்தான். ‘மாரடைப்பு’ என்றோ ‘முதுமை’ என்றோ எழுதுகிறார். இது ஆபத்தான வேலை. பொய்யான, தவறாக வழிநடத்தும் சான்றிதழில் கையெழுத்திடுவது 2002-ஆம் ஆண்டின் மருத்துவ ஒழுக்க விதிமுறைகளில் தொழில்முறைக் குற்றமாக வரையறுக்கப்பட்டிருக்கிறது. உடலை நேரில் பார்க்காமல், பழைய மருந்துச் சீட்டுகளைக்கூடக் கேட்காமல் சான்று தருவதைவிட மறுத்துவிடுவதே மேல். கொண்டுவரும்போதே இறந்திருந்தவருக்கும் இது பொருந்தும்: இறந்துவிட்டார் என்று உறுதிசெய்யலாம், எதனால் என்று ஊகித்து எழுதக் கூடாது.

முதுமையைப் பற்றி ஒரு வார்த்தை. பிரிட்டன் அரசி இரண்டாம் எலிசபெத்தின் சான்றிதழில் காரணம் ‘முதுமை’ என்றே இருந்தது, வயது 96. மிக வயதானவருக்கு, தொடர்ந்து பார்த்துவந்த மருத்துவர் வேறு எந்த நோயும் இல்லை என்று தெரிந்து எழுதுவது அங்கே ஏற்கப்படுகிறது. 68 வயதுக்காரருக்கு, பார்த்தேயிராத மருத்துவர் அதை எழுதுவது வேறு கதை. அதே நாட்டில், இங்கிலாந்திலும் வேல்ஸிலும், 2024 செப்டம்பர் 9 முதல் மரண விசாரணை அதிகாரிக்குப் போகாத ஒவ்வோர் இறப்பின் சான்றையும் சம்பந்தப்படாத இன்னொரு மருத்துவர் சரிபார்ப்பது சட்டப்படி கட்டாயமாகியிருக்கிறது. ஒருவர் எழுத இன்னொருவர் பார்ப்பது என்ற அந்த ஏற்பாட்டை நம் மருத்துவமனைகள் சிறிய அளவில் இன்றே தொடங்கலாம். அதற்குப் புதுச் சட்டம் எதுவும் வேண்டாம்.

சமூக மருத்துவப் பாடத்திலும் தடயவியல் பாடத்திலும் இந்தப் படிவம் வருகிறது. சான்றிதழ் எழுத வேண்டிய நிலை வருவதற்கு முன்பே படித்து, தேர்வு எழுதி, மறந்துவிடுகிறார்கள். பயிற்சிக்கு உகந்த நேரம் ஹவுஸ் சர்ஜன் காலத்தின் முதல் வாரம். விரிவுரையால் பலன் குறைவு. அந்த மருத்துவமனையிலேயே இறந்தவர்களின் பத்து கேஸ் ஷீட்டுகளைப் பெயர் மறைத்துக் கொடுத்து, படிவத்தை நிரப்பச் சொல்லி, பக்கத்தில் இருப்பவரைத் திருத்தச் சொல்ல வேண்டும். பயிற்சிக்குப் பின் பிழைகள் குறைவதும், யாரும் கவனிக்காவிட்டால் சில மாதங்களில் திரும்பி வருவதும் வழக்கம். ஆகவே மாதத்துக்கு ஒருமுறை, மருத்துவப் பதிவுத் துறை அந்த மாதத்துப் படிவங்களை எடுத்துவைத்து, எழுதியவருக்கே பிழையைக் காட்டுவதுதான் நிலைக்கும். பெங்களூரில் உள்ள தேசிய நோய்த் தகவலியல் மற்றும் ஆராய்ச்சி மையம் இதற்கென ‘இ-மார்’ என்ற மென்பொருளை வைத்திருக்கிறது. மென்பொருளால் எழுத்துப் புரியாத பிழையும் காலிக் கட்டங்களும் தீரும். சங்கிலியை யோசிப்பது மருத்துவரின் வேலையாகவே இருக்கும்.

வார்டில் செய்யக்கூடிய ஒரு சின்ன மாற்றம் எல்லாவற்றையும்விடப் பலன் தரும் என்பது எங்கள் கருத்து. நோயாளி கவலைக்கிடம் என்று தெரிந்த அன்றே, பகல் ரவுண்ட்ஸின்போது, இவரை இந்த நிலைக்குக் கொண்டுவந்த தொடக்க நோய் எது என்று கேஸ் ஷீட்டில் ஒரு வரி எழுதிவைக்கலாம். நோயாளியை நன்கு அறிந்த மருத்துவர் அதை எழுதுகிறார். இரவில் டூட்டியில் இருப்பவர் அதைக் கடைசி வரிக்கு எடுத்துக்கொள்கிறார்.

சான்றிதழ் போன பிறகு காரணம் மாறினால்? இறந்து பத்து நாள் கழித்து வரும் பயாப்சி முடிவு காசநோய் என்கிறது, பிரேதப் பரிசோதனையில் நஞ்சு தெரிகிறது, கிருமி வளர்ப்பில் வேறு கிருமி வருகிறது. பல மருத்துவமனைகளில் இந்த முடிவுகள் கோப்பில் செருகப்பட்டு அங்கேயே கிடக்கின்றன. புதிய காரணத்தை எழுதி, பழைய சான்றின் விவரத்தைக் குறிப்பிட்டு, பதிவாளருக்கு அனுப்ப வேண்டும். பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 15-ஆவது பிரிவின்படி பதிவாளர் உரிய ஆதாரத்தின் பேரில் பிழையைத் திருத்தலாம். மூலப் பதிவை அழிக்கவோ மாற்றவோ கூடாது. ஓரத்தில் திருத்தத்தை எழுதி, கையெழுத்திட்டு, தேதி போட வேண்டும்.